முன்கதவு இடைவெளி பற்றி அப்பா எழுதுவது

அன்புள்ள பெரிய பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், உன் அம்மா தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "பொய் எழுதாதீங்க, முக்கால்வாசி நலம்னு எழுதுங்க" என்றாள். சரி, முக்கால்வாசி நலம். மீதிக் கால்வாசியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் முழுசாக நலமாக இருக்க வேண்டும், தினமும் அந்த நினைப்போடுதான் எழுந்திருக்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ஒன்பது வாரமாக நீ கூப்பிடும்போதெல்லாம் போனை அம்மாவிடம் தள்ளிவிட்டு ஷெட்டுக்குள் போய் ஒளிந்துகொள்கிறேன், வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்று அவளைச் சொல்லச் சொல்லி. உண்மையில் பாதி நாள் அங்கே ஸ்டூலில் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். போனில் பேசினால் நீ அழுவாய், நீ அழுதால் எனக்கும் அழுகை வரும், அதை மறைக்க நான் கத்துவேன், திரும்பவும் முதலில் இருந்து ஆரம்பமாகும். தாளில் என்னால் கத்த முடியாது, அதனால் இதுதான் நல்லது.

அந்தக் கார் விஷயத்தை முதலில் இருந்தே சொல்கிறேன், அம்மா உனக்குச் சொன்னதில் பாதி இடம் மாறியிருக்கும், அவளுக்கு மட்கார்டுக்கும் பம்பருக்கும் வித்தியாசம் தெரியாது. தெருமுனை மருந்துக்கடைக்காரர் தன் வீட்டுப் பின்பக்கம் பதினெட்டு வருஷமாகத் துருப்பிடிக்க விட்டிருந்த நாலு கதவுக் காரை, இடத்தைக் காலி செய்து கொடுத்தால் போதும் என்று என் தலையில் கட்டினார், நானும் சந்தோஷமாகக் கட்டிக்கொண்டேன். ஓய்வு பெற்ற பிறகு நாள் முழுக்க வீட்டில் இருந்துகொண்டு சமையலறை டப்பாக்களை உயரப்படி அடுக்கி உன் அம்மாவின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தேன், அதனால் அவளும் தடை சொல்லவில்லை. பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறையில் முப்பத்துநாலு வருஷம் கதவு மாட்டினவனுக்கு ஒரு காரின் நாலு கதவு எம்மாத்திரம் என்று நினைத்தேன். பட்டறையில் மற்றவர்கள் கதவு இடைவெளியில் தகட்டுத் துண்டை நுழைத்து அளப்பார்கள். நான் இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் மேலிருந்து கீழே ஒரு தடவை பார்ப்பேன், கீழே அரை மில்லி கூட என்பேன், அளந்தால் அரை மில்லிதான் கூட இருக்கும். அதனால்தான் அங்கே எல்லோருக்கும் நான் ஸ்கேல். என் சொந்தப் பேர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

காரில் இந்த வேலையைப் பின்பக்கத்தில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் பின்பக்கம் பாடியோடு பற்றவைத்தது, அதை அசைக்க முடியாது. அதற்குப் பொருந்தப் பின்கதவு, பின்கதவுக்குப் பொருந்த முன்கதவு, முன்கதவுக்குப் பொருந்த முன்சக்கரத்துக்கு மேலே வருகிற மட்கார்டு, கடைசியில்தான் இன்ஜினை மூடுகிற பானட். ஒவ்வொன்றுக்கும் கீல் போல்ட்டைத் தளர்த்தி, மெல்லிய தகடு வைத்து, தூக்கி, இறக்கி, மூடி, திறந்து, ஒரு நாளில் எண்பது தடவை கதவு சாத்துகிற சத்தம் கேட்கும், பக்கத்து வீட்டு அம்மாள் நானும் உன் அம்மாவும் சண்டை போடுகிறோம் என்றே நினைத்தாராம். இடைவெளி மேலிருந்து கீழ் வரை ஒரே அளவாக இறங்க வேண்டும், இரண்டு தகடும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம், ஆனால் அந்த அவ்வளவுதானுக்குத்தான் மாசக்கணக்கு ஆகும். கூட நம்ம டிங்கர் இருந்தார். உனக்கு நினைவிருக்கும், உன் முதல் சைக்கிள் மட்கார்டு நசுங்கியபோது மடியில் வைத்துத் தட்டிக்கொடுத்தவர். இருபது வருஷம் என் பக்கத்தில் நின்று தகடு தட்டினவர், இப்போது சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை வருவார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, வலப்பக்க முன்கதவு வரை. கதவுக்கும் மட்கார்டுக்கும் நடுவே இடைவெளி பாதி உயரத்தில் இறுகி, தொட்டுக்கொள்வதுபோல் தெரிந்தது. போல்ட்டைத் தளர்த்தி நகர்த்திப் பார்த்தேன், போகவில்லை. அரத்தை எடுத்துக் கதவின் விளிம்பை அந்த இடத்தில் ராவினேன். பார்த்தேன், இன்னும் இறுக்கம். திரும்ப ராவினேன். மூன்று நாள் அப்படி ராவினேன் பாப்பா, நல்ல தகடு அது, துரு தொடாத தகடு. கடைசியில் நூல் பிடித்த மாதிரி நேராக இறங்கியது. டிங்கர் வந்து பார்த்தார், தாடையைச் சொறிந்தார், "நல்லா வந்திருக்குண்ணே" என்றார். அம்மா டீயோடு வந்து அழகாக இருக்கிறது என்றாள், திறந்து மூடினால் அவளுக்கு எல்லாக் கதவும் அழகுதான். எனக்குப் பெருமை தாங்கவில்லை, உடனே படம் எடுத்து உனக்கு அனுப்பச் சொன்னேன்.

நீயும் உடனே கூப்பிட்டாய். "அப்பா, நடுவுல அகலமா இருக்கே, படத்துலதான் அப்படித் தெரியுதா?" என்று கேட்டாய். மெதுவாகத்தான் கேட்டாய். பல் வரிசையைச் சீர்படுத்துவதே உன் தொழில், அரை மில்லி உன் கண்ணிலும் படும் என்று நான் ஒரு நொடி யோசித்திருக்கலாம். நான் என்ன சொன்னேன் என்பது நம் இருவருக்கும் தெரியும், இருந்தாலும் என் கையாலேயே எழுதிவிடுகிறேன், எழுதினால்தான் ஒத்துக்கொண்டதாக ஆகும். "நீ போய் ஊரார் பல்லைப் பாரு, கதவைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காதே" என்றேன். அதோடு விட்டேனா, "வருஷத்துக்கு ஒருதரம் எட்டிப் பார்க்கிறவளுக்கு இந்த வீட்டுல எது கோணல்னு சொல்ல என்ன உரிமை இருக்கு" என்றும் கேட்டேன். முதலில் சொன்னது திமிர். அடுத்துச் சொன்னது அநியாயம், லீவு கிடைக்காமல் நீ தவிப்பது எனக்குத் தெரியாதா என்ன. நீ "சரிப்பா" என்று மட்டும் சொன்னாய், நான் போனை வைத்துவிட்டேன்.

வைத்த கையோடு ஷெட்டுக்குப் போனேன், அளந்து படம் எடுத்து உன் முகத்தில் அடிப்பதுபோல் அனுப்ப வேண்டும் என்று. ஒரு கதவுக்கு நான் ஸ்டீல் ஸ்கேலை எடுத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மேலே நாலு மில்லி. கீழே நாலு மில்லி. நடுவில் ஏழு. ஸ்கேலில்தான் கோளாறு என்று அம்மாவின் தையல் டேப்பை எடுத்து வந்தேன், அதிலும் ஏழு. வழக்கம்போல இடது கண்ணை மூடிப் பார்த்தேன், நேராக இருந்தது. வலது கண்ணில் வியர்வை இறங்கியது, அதைத் துடைக்கும்போது தற்செயலாக இடது கண்ணால் பார்த்தேன், இடைவெளி நடுவில் தொந்தி போட்டு நின்றது. மாற்றி மாற்றி மூடிப் பார்த்தேன். வலது கண்ணுக்கு நேர், இடது கண்ணுக்குக் கோணல். பிறகு ஜன்னல் கம்பியைப் பார்த்தேன், சுவரில் இருந்த காலண்டர் கட்டங்களைப் பார்த்தேன், ஏணியைப் பார்த்தேன். வலது கண்ணுக்கு எல்லாமே நடுவில் வளைந்தன. அந்த ஷெட்டில் அதற்கு நேராகத் தெரிந்தது நான் கெடுத்து வைத்திருந்த கதவு ஒன்றுதான். என் கோணல் கண்ணுக்கு நேராகத் தெரிகிற வரைக்கும் நல்ல தகட்டை உட்கார்ந்து ராவியிருக்கிறேன்.

ஸ்கேலைக் கீழே போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன் பாப்பா, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. இந்தக் கண் போய்விட்டால் ஸ்கேல் போய்விட்டான், ஸ்கேல் போய்விட்டால் மிச்சம் இருப்பது டப்பா அடுக்குகிற ஒரு கிழவன்தானே என்று தோன்றியது. ஒரு கண் இப்படி என்றால் நாளைக்கு இன்னொன்றும் இப்படித்தானா என்று வேறு பயம். யாரிடமும் மூச்சு விடவில்லை. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணாக மூடி மூடித் தட்டின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும், ஆனால் நான் பேசிய பேச்சுக்குப் பிறகு உன்னிடம் சொல்ல எனக்கு வாய் ஏது.

மூன்றாம் நாள் காலையில் என் வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டு நாற்காலியில் தொங்கியது. கண் டாக்டரிடம் பத்தரைக்கு நேரம் வாங்கியிருப்பதாக உன் அம்மா சொன்னாள். எதற்கு என்று சத்தம் போட்டேன். "எனக்குக் கண்ணாடி மாத்தணும், துணைக்கு வாங்க, அப்படியே நீங்களும் காட்டிக்கலாம்" என்றாள். அவள் கண்ணாடி மாற்றி நாலு மாசம்கூட ஆகவில்லை, அது எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். நான் சட்டையைப் போட்டுக்கொண்டேன். அந்த டாக்டரம்மாவுக்கு உன் வயசுதான் இருக்கும். கட்டம் போட்ட ஒரு தாளைக் கொடுத்து நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னார், கண்ணுக்குள் படம் எடுத்தார், விழித்திரைக்கு அடியில் நீர் கசிந்து நடுப்பகுதி மேடாகிவிட்டது, அதனால்தான் கோடெல்லாம் வளைகிறது என்று பொறுமையாக விளக்கினார். மாசத்துக்கு ஒரு ஊசி, கண்ணிலேயே. "இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா நடுவுல இருட்டு விழுந்திருக்கும், அதுக்கப்புறம் வந்தா எங்களால திருப்பித் தர முடியாதுங்க" என்றார். ஒரு கண் கெட்டால் மற்றக் கண் சமாளித்துக்கொண்டு போய்விடுமாம், ஆளுக்குத் தெரியவே தெரியாதாம், உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று கேட்டார். எனக்கு எங்கே தெரிந்தது, என் பெண்தான் அவ்வளவு தூரத்தில் இருந்து ஒரு கார் கதவைப் பார்த்துச் சொன்னாள் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுக் கதையையும் கேட்டார். வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள், அத்தனை பேரும் என்னைத் திட்டித் தீர்த்திருப்பார்கள்.

கண்ணில் ஊசி என்றால் நீ பயந்துவிடாதே, மரத்துப்போக மருந்து ஊற்றிவிட்டுத்தான் போடுகிறார்கள். ஒன்றுமே தெரியவில்லை என்று வெளியே வந்து உன் அம்மாவிடம் வீரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், பின்னாலேயே வந்த நர்ஸ், "ஐயா என் கையை விடவே இல்லைம்மா" என்று போட்டுக்கொடுத்துவிட்டாள். இரண்டு ஊசி ஆகிவிட்டது, மூன்றாவது வருகிற வாரம். போன வாரம் பார்த்ததில் கசிவு பாதிக்கு மேல் வற்றிவிட்டதாம். ஜன்னல் கம்பி இப்போது லேசாகத்தான் நெளிகிறது. முழுக்க நேராகிவிடும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை, தவறாமல் வந்தால் இருப்பதைக் காப்பாற்றிவிடலாம் என்றார், அதுவே எனக்குப் பெரிய கொடுப்பினை. அவர் சரி என்று சொல்கிற வரை வண்டி ஓட்டக் கூடாது என்று உத்தரவு, அதனால் உன் தம்பிதான் என்னை அங்கேயும் இங்கேயும் கூட்டிக்கொண்டு போகிறான், முகம் சுளிக்காமல்.

கதவு என்ன ஆனது என்று கேட்பாய். டிங்கரைக் கூப்பிட்டு நிற்கவைத்து, கோணல் உனக்குத் தெரிந்ததா இல்லையா என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "தெரிஞ்சுதுண்ணே. ஆனா நீங்க நேர்னு சொன்னப்போ எனக்குத்தான் கண்ணு சரியில்லைன்னு நெனச்சேன்" என்றார். எனக்கு இருந்த கோபமெல்லாம் வடிந்துவிட்டது. என் கோணலைக் கோணல் என்று சொல்லக்கூட ஒருவர் தயங்கும்படி இருபது வருஷம் நடந்துகொண்டிருக்கிறேனே, தப்பு யார் மேல். பானட்டைக் கழற்றினோம், மட்கார்டைக் கழற்றினோம். நான் ராவித் தேய்த்த விளிம்பில் மெல்லிய கம்பியை வைத்து அவர் பற்றவைத்தார், ஒரே இடத்தில் சூடு ஏறினால் தகடு நெளிந்துவிடும் என்று இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு, ஆறவிட்டு, மறுபடி ஒரு பொட்டு. கடை வேலையை விட்டுவிட்டு நாலு ஞாயிற்றுக்கிழமை எனக்காக அதைச் செய்தார், நான் மூன்று நாளில் கெடுத்ததை. பிறகு ஐந்து மில்லி கனத்தில் ஒரு மரத்துண்டை இழைத்து இடைவெளியில் வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே வந்தார், சிக்குகிற இடத்தில் சுண்ணக்கட்டியால் அடையாளம். பட்டறையில் அப்படி அளக்கிறவர்களை நான் எவ்வளவு கேலி செய்திருக்கிறேன் தெரியுமா. மட்டம் பார்க்கிற வேலையை மட்டும் என்னிடம் விட்டார், அதற்குக் கண் வேண்டாம், இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு உள்ளங்கையைக் கதவில் இருந்து மட்கார்டுக்கு நகர்த்தினால் தலைமுடி கனத்துக்கு மேடு இருந்தாலும் விரல் சொல்லிவிடும். போன ஞாயிறு முடிந்தது, மேலே ஐந்து, நடுவே ஐந்து, கீழே ஐந்து. படத்தை இதோடு வைத்திருக்கிறேன், நன்றாக உற்றுப் பார்த்துச் சொல், இந்தத் தடவை நீ சொன்ன பிறகுதான் பெயின்ட் அடிக்கப் போகிறோம்.

மற்றபடி இங்கே புதுசாக ஒன்றும் இல்லை. உன் தம்பி நாலாவது மாடியில் வீடு பிடித்திருக்கிறான், லிஃப்ட் கிடையாது, பார்க்கப் போனபோது உன் அம்மா இரண்டாவது மாடிப் படியிலேயே உட்கார்ந்துகொண்டு, அவனை இறங்கி வரச் சொல்லுங்கள், இங்கேயே பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாள். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, நான் சரிசெய்கிறேன் என்றேன், யாரும் விடவில்லை. குட்டிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டதாமே, அம்மா போனில் படம் காட்டினாள், சிரிப்பு அப்படியே உன் சின்ன வயசுச் சிரிப்பு. நீ நாள் முழுக்கக் குனிந்து அடுத்தவர் வாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கிறாய், கழுத்து என்னத்துக்கு ஆகும், மணிக்கு ஒருதரமாவது நிமிர்ந்து நட. மாப்பிள்ளையும் ஓயாமல் கம்ப்யூட்டரைப் பார்க்கிறவர், அவரையும் எழுந்து நடக்கச் சொல்லு. இந்த நோய் குடும்பத்தில் வர வாய்ப்பு இருக்கிறதாம், பிள்ளைகளையும் கண்ணைக் காட்டிக்கொள்ளச் சொல்லுங்கள் என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். தம்பியை அன்றைக்கே அவரிடம் உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டேன், ஒன்றும் இல்லை. இந்த மாசத்துக்குள் நீ போகவேண்டும், வேலை, நேரமில்லை என்ற கதையெல்லாம் என்னிடம் வேண்டாம்.

இப்போது இந்தக் கடிதத்தை எழுதவைத்த விஷயத்துக்கு வருகிறேன். உன் அம்மா நான் கண்ணை மூடி மூடிப் பார்த்ததைக் கவனித்துத் தானாகவே டாக்டரிடம் நேரம் வாங்கினாள் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று மத்தியானம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் அன்னைக்கு என்னை இழுத்துட்டுப் போகலைன்னா நான் என்ன ஆகியிருப்பேன், உனக்கு எப்படித்தான் தோணுச்சோ" என்றேன். அவள் கொஞ்ச நேரம் மடித்த துணியையே திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எனக்கு எங்கே தோணுச்சு, சொல்லக்கூடாதுன்னு பெரியவ சத்தியம் வாங்கியிருக்கா" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நான் போனை வைத்து ஐந்து நிமிஷம் ஆவதற்குள் நீ அவளைக் கூப்பிட்டாயாம். "அப்பா மாட்டுன கதவு கோணலா இருக்காதும்மா. அவர் கை தப்புப் பண்ணாது. அவர் கண்ணுக்குத்தான் என்னமோ ஆயிருக்கு. உடனே கூட்டிட்டுப் போ, நான் சொன்னேன்னு சொல்லாதே, சொன்னா வரமாட்டார்" என்றாயாம். அழுதுகொண்டே சொன்னாயாம்.

நீ என் வேலையைக் குறை சொல்கிறாய் என்று நினைத்துத்தான் உன்னை அந்தப் பேச்சுப் பேசினேன். என் வேலையில் குறை இருக்கவே முடியாது என்று ஒருத்தி அவ்வளவு உறுதியாக நம்பியதால் என் கண் பிழைத்திருக்கிறது. அப்படித் திட்டு வாங்கிய ஐந்தாவது நிமிஷத்தில், எனக்கு அது ஒருநாளும் தெரியாமலே போகட்டும் என்று வேறு நினைத்திருக்கிறாய். முப்பத்துநாலு வருஷத்தில் பட்டறையில் எவ்வளவோ பேர் என்னைப் புகழ்ந்திருக்கிறார்கள், இதற்குப் பக்கத்தில் வைக்க அதில் ஒன்றும் இல்லை. நேற்றில் இருந்து எனக்கு எதைப் பார்த்தாலும் கண் நிறைந்துகொண்டு வருகிறது, சொட்டு மருந்து கரைந்துவிடப் போகிறது என்று உன் அம்மா திட்டுகிறாள். என்னை மன்னித்துவிடு என்று பெற்ற பிள்ளைக்கு எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எழுதிவிட்டேன், அடித்துத் திருத்த மாட்டேன்.

நீயும் உன் வீடும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். கண்ணைக் காட்டிக்கொள்ள மறக்காதே. கடிதம் கைக்கு வந்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, நான்தான் எடுப்பேன். எடுத்தும் ஒன்றும் பேசாமல் இருந்தால் லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே. கொஞ்சம் பொறுத்துக்கொள், பேசிவிடுவேன்.

நன்றியோடு,
உன் அப்பா